அது மறதி இல்லீங்க!

பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த கையோடு, விருத்தாசலத்தில் இருக்கும் என் வைத்தியசாலையில் ஒரு தனிக் கூட்டம் சேர ஆரம்பித்துவிடும். ஜலதோஷம், மூட்டு வலி என்று வருகிறவர்கள் இல்லை இவர்கள். கையில் ஒரு பையனையோ பெண்ணையோ பிடித்துக்கொண்டு வருவார்கள்.

"பரீட்சை வருது டாக்டர். இவனுக்கு ஞாபக சக்தியே இல்லை. காலையில சொன்னது சாயங்காலம் மறந்துடுது. நல்ல வல்லாரை லேகியமா ஒரு டப்பா குடுங்க."

வாங்கிக்கொண்டு வாசல் வரை போனவர்கள், ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். "அப்படியே எங்க மாமனாருக்கும் ஒண்ணு குடுத்துடுங்க. அவருக்கும் எதுவுமே ஞாபகத்துல நிக்கிறதில்லை."

நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவன். வல்லாரை விற்றால் எனக்கு லாபம்தான். இருந்தாலும் மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். மறதி என்று சொல்லி என்னிடம் அழைத்து வரப்படுகிறவர்களில் பல பேருக்கு இருப்பது மறதியே இல்லை! ஒரு விஷயத்தை மறக்க வேண்டுமென்றால், முதலில் அது மனசுக்குள் போயிருக்க வேண்டும் இல்லையா? இவர்கள் விஷயத்தில் அது உள்ளே போகவே இல்லை. வாசலோடு திரும்பிவிட்டது.

அந்த வாசலைப் பற்றித்தான் இன்றைக்கு உங்களிடம் பேசப் போகிறேன்.

ஒரு ஊதுவத்தி போதும்

இன்று ராத்திரி ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கள். விளக்கை அணைத்துவிட்டு, ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தி, கையில் பிடித்து வேகமாக வட்டமாகச் சுற்றுங்கள். (துணிமணி, திரைச்சீலை பக்கம் வேண்டாம். குழந்தைகள் கையில் கொடுக்கவும் வேண்டாம்.) இருட்டில் ஒரு நெருப்பு வளையம் தெரியும்.

ஆனால் அங்கே வளையம் ஏது? எந்தக் கணத்திலும் நெருப்பு இருப்பது ஒரே ஒரு புள்ளியில்தான். மிச்ச வட்டம் உங்களுக்குள்ளே இருக்கிறது. ஊதுவத்தி நகர்ந்து போன பிறகும், அது இருந்த இடத்தின் ஒளியைக் கண்ணும் மூளையும் ஒரு கணம் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

எங்கள் கடலூர் ஜில்லாவிலும், விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கமும் வளர்ந்தவர்களுக்கு இது புதுசு இல்லை. கார்த்திகை தீபத்துக்கு மாவலி சுற்றுவோமே, ஞாபகம் இருக்கிறதா? ஆண் பனையின் பூவைச் சுட்டுக் கரியாக்கி, பொடித்து, துணியில் சுருட்டி, பனை மட்டைக்கு நடுவே வைத்துக் கட்டி, நெருப்பு வைத்துச் சுழற்றினால் தலைக்கு மேலே தீப்பொறி வட்டம் பூக்கும். அந்த வட்டத்திலும் பாதியைத் தீட்டுவது நம் கண்தான்.

ஜெர்மனியில் பணியாற்றிய விஞ்ஞானி செக்னர் 1740-லேயே இதை அளந்து பார்த்திருக்கிறார். ஒரு சக்கரத்தில் கனலும் கரித்துண்டைக் கட்டி, வட்டம் முழுசாகத் தெரிகிற வரைக்கும் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார். கண்ணில் ஒளி தங்கும் நேரம் ஒரு விநாடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு என்று கணக்கு வந்தது.

இப்படி ஐம்பொறிகளில் பட்டது சற்று நேரம் அப்படியே தங்கி நிற்பதைத்தான் மனோதத்துவத்தில் 'புலன் நினைவு' என்கிறார்கள்.

பன்னிரண்டு எழுத்துக்கள்

இந்தப் புலன் நினைவில் எவ்வளவு கொள்ளும்? அமெரிக்க மனோதத்துவ நிபுணர் ஜார்ஜ் ஸ்பெர்லிங் 1960-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு அருமையான பதில் சொன்னது. வரிசைக்கு நாலாக மூன்று வரிசை, மொத்தம் பன்னிரண்டு எழுத்துக்கள். விநாடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் மட்டும் திரையில் காட்டி மறைத்துவிட்டு, "என்னென்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டார். நாலைந்து எழுத்துக்கு மேல் யாராலும் சொல்ல முடியவில்லை. "எல்லாத்தையும் பார்த்தேன், சொல்றதுக்குள்ள மறைஞ்சு போச்சு" என்பதுதான் எல்லோருடைய புகாரும்.

ஸ்பெர்லிங் அந்தப் புகாரை நம்பினார். எழுத்துக்கள் மறைந்த உடனே ஒரு மணிச் சத்தம் கொடுத்தார். உச்ச ஸ்தாயி என்றால் மேல் வரிசை, நடு ஸ்தாயி என்றால் நடு வரிசை, கீழ் ஸ்தாயி என்றால் அடி வரிசை. அதை மட்டும் சொன்னால் போதும். இப்போது எந்த வரிசையைக் கேட்டாலும் நாலில் மூன்று எழுத்தைச் சரியாகச் சொன்னார்கள்! எந்த வரிசையைக் கேட்கப் போகிறார் என்று முன்கூட்டியே தெரியாது. ஆக, பன்னிரண்டில் ஏறக்குறைய ஒன்பது கண்ணில் தங்கியிருந்தன என்றுதானே அர்த்தம்? ஆனால் மணி அடிக்க ஒரு விநாடி தாமதமானால் போச்சு, பழைய நாலைந்துதான்.

புரிகிறதா? வாசலுக்கு ஏராளமாக வருகிறது. ஆனால் ஒரு விநாடிக்குள் கலைந்துவிடுகிறது.

"என்ன சொன்னே?"

காதுக்கும் இப்படி ஒன்று உண்டு. நீங்கள் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். மனைவி ஏதோ கேட்கிறார். "என்ன சொன்னே?" என்கிறீர்கள். அவர் திரும்பச் சொல்வதற்குள், "ஓ, பால் பாக்கெட்டா? ஃப்ரிட்ஜுல இருக்கு" என்று உங்கள் வாயே பதில் சொல்லிவிடுகிறது. எல்லார் வீட்டிலும் நடப்பதுதானே! கவனிக்காமல் விட்ட பேச்சு, காதுக்குள் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. மனசு திரும்பிப் பார்த்தது, பிடித்துக்கொண்டது.

1967-ல் உல்ரிக் நைஸர் என்ற மனோதத்துவ அறிஞர் கண்ணின் நினைவுக்கு 'உருவ நினைவு' என்றும், காதின் நினைவுக்கு 'எதிரொலி நினைவு' என்றும் பொருள்படும் பெயர்களை வைத்தார். காதில் தங்குவது கண்ணை விட நீளம். 1972-ல் நடந்த ஒரு பரிசோதனையில் நாலு விநாடி வரை தங்குவதாகத் தெரிந்தது. அப்படித் தங்கித்தான் ஆக வேண்டும். 'விருத்தாசலம்' என்று நான் சொல்லும்போது, கடைசியில் 'லம்' வருகிற நேரத்துக்கு முதலில் வந்த 'விருத்' காற்றில் கரைந்து போயிருக்கும். காது அதைப் பிடித்து வைத்திருப்பதால்தான் நமக்கு அது ஒரு வார்த்தையாகக் கேட்கிறது.

எங்கள் ஊர் பீங்கானுக்குப் பேர் போனது. நெய்வேலிச் சுரங்கத்து வெள்ளைக் களிமண்ணை வைத்து அகல் விளக்கு, பொம்மை, மின்சாரச் சாமான்கள் என்று விதவிதமாகச் செய்கிறார்கள். பீங்கான் தொழில் படிக்க அரசாங்கக் கல்வி நிலையமே இங்கே உண்டு. ஊறுகாய் ஜாடி வாங்கும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பீர்கள். 'டிங்' என்றால் முழுசு. 'தொட்' என்றால் எங்கேயோ விரிசல். ஒன்றைத் தட்டிவிட்டு அடுத்ததைத் தட்டும்போது, முதல் ஓசை காதில் நின்றால்தானே ஒப்பிட முடியும்?

ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். அதே ஜாடியைத் திறந்ததும் உப்பு மாங்காய் வாசனை அடித்து, உடனே பாட்டி வீட்டு முற்றம் ஞாபகம் வருகிறதே, அது புலன் நினைவு இல்லை. அது வருஷக்கணக்காக உள்ளே பத்திரமாக இருந்த பழைய நினைவு. வாசனை அதைத் தட்டி எழுப்புகிறது, அவ்வளவுதான். புலன் நினைவின் ஆயுசு சில விநாடிகளைத் தாண்டாது.

திண்ணைக்கு வந்த விருந்தாளி

1968-ல் அட்கின்ஸன், ஷிஃப்ரின் என்ற இரண்டு அறிஞர்கள் நினைவை மூன்று கட்டமாகப் பிரித்தார்கள். பின்னால் வந்தவர்கள் நிறையத் திருத்தம் செய்திருக்கிறார்கள். இருந்தாலும் நமக்குப் புரிந்துகொள்ள அதுவே சுலபம். நம்ம பழைய வீட்டை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் திண்ணை. அதுதான் புலன் நினைவு. கண், காது, மூக்கு, நாக்கு, தோல் வழியாக வரும் அத்தனை பேரும் அங்கே ஒரு கணம் நிற்பார்கள். யாராவது எழுந்து வந்து "வாங்க" என்று கூப்பிட்டால் கூடத்துக்குள் வருவார்கள். கூப்பிடாவிட்டால் போய்விடுவார்கள். அந்த "வாங்க"தான் கவனம்! கூடம் என்பது குறுகிய கால நினைவு. அங்கே சில பேருக்குத்தான் இடம். அங்கே உட்கார வைத்துப் பேசி, திரும்பத் திரும்பப் பழகினால், உள் அறைக்குப் போய் நிரந்தரமாகத் தங்குவார்கள்.

உங்கள் பையன் டி.வி. பார்த்துக்கொண்டோ, செல்போனில் விளையாடிக்கொண்டோ இருக்கும்போது, அடுப்படியிலிருந்து நீங்கள் சொன்ன நாலு வேலையும் அவன் திண்ணைக்கு வந்து, யாரும் கூப்பிடாமல் திரும்பிப் போனவை. சாயங்காலம் "மறந்துட்டியா?" என்று திட்டுகிறீர்கள். பாவம், அவனுக்கு மறக்க என்ன இருந்தது?

எங்கள் ஊர் பழமலைநாதர் கோயிலில் எல்லாமே ஐந்து என்பார்கள். ஐந்து கோபுரம், ஐந்து பிராகாரம், ஐந்து தீர்த்தம், ஐந்து தேர். உடம்பிலும் பொறிகள் ஐந்து. சித்த மருத்துவத்தின் தொண்ணூற்றாறு தத்துவங்களில் இந்தப் பொறிகள் வேறு, மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்கிற அந்தக்கரணங்கள் வேறு. கண் திறந்திருந்தால் போதாது, மனமும் கூட நிற்க வேண்டும் என்பது அதன் சாரம். ஸ்பெர்லிங் கண்டுபிடித்ததையெல்லாம் சித்தர்கள் அன்றே சொல்லிவிட்டார்கள் என்று மார்தட்ட நான் வரவில்லை. விநாடிக் கணக்கை அளந்து சொன்னவர்கள் பரிசோதனை செய்தவர்கள்தான். ஆனால் படிக்கும் காலத்தில் நாடி பார்க்கச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் என் கையைத் தட்டிவிட்டுச் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது: "விரலை மட்டும் வெச்சா போதாதுப்பா. மனசையும் அங்கே வை."

அந்தப் பாடத்தை நானே மறந்த கதையைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை முழுமையாகாது.

நான் செய்த தப்பு

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு பெரியவரை அவருடைய மருமகள் அழைத்து வந்தார். பீங்கான் பட்டறை ஒன்றில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். மண் அரைக்கும் பெரிய உருளை மெஷினுக்குப் பக்கத்திலேயே காலம் தள்ளியவர். சூளையிலிருந்து வரும் சரக்கைத் தட்டிப் பார்த்து, நல்லது கெட்டது பிரிப்பதும் அவர் பொறுப்பு.

"மாமாவுக்கு ரொம்ப மறதியாயிடுச்சு டாக்டர். கேஸ் சிலிண்டர் வரும், பணம் குடுத்து வாங்கி வைங்கன்னு சொல்லிட்டுத்தான் போனேன். திருப்பி அனுப்பிட்டாரு. கேட்டா, நீ சொல்லவே இல்லைங்கறாரு" என்றார் அந்தப் பெண். பெரியவர் தலையைக் குனிந்தபடி, "சரி... சரி..." என்று ஆட்டிக்கொண்டே இருந்தார்.

நாடி பார்த்தேன். நாக்கைப் பார்த்தேன். வயசும் எழுபதைத் தாண்டிவிட்டது. வல்லாரை நெய் கொடுத்தேன். ஒரு மாசம், ரெண்டு மாசம் இல்லை, ஆறு மாசம்! ஒரு மாற்றமும் இல்லை.

அப்புறம் ஒரு நாள். டீ வந்தது. அவருக்கும் ஒரு கப் கொடுக்கச் சொன்னேன். பழைய தொழில் பாசம் போலிருக்கிறது, குடித்து முடித்ததும் காலிக் கப்பை நகத்தால் ஒரு சுண்டு சுண்டினார். "நம்ம ஊரு சரக்கு. நல்லா இருக்கு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கப் 'தொட்' என்றுதான் சத்தம் போட்டது. மயிரிழை விரிசல் விட்ட கப். வாழ்நாள் முழுக்க ஓசையை வைத்தே விரிசலைக் கண்டுபிடித்தவருக்கு அது தெரியவில்லை!

எழுந்து அவருக்குப் பின்னால் போய் நின்று, சாதாரணக் குரலில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை.

காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் அனுப்பினேன். பரிசோதனையில் இரண்டு காதிலும் கேள்வித் திறன் நன்றாகக் குறைந்திருந்தது. அதிலும் மேல் ஸ்தாயி ஓசைகள் ரொம்ப மோசம். அவருக்கு ஞாபகம் போகவில்லை. பேச்சே சரியாகப் போய்ச் சேரவில்லை. திண்ணைக்கு வரும் வார்த்தையே பாதி உடைந்து வந்தால், விட்டுப்போன எழுத்தை ஊகிப்பதிலேயே மூளை களைத்துப்போகும். உள்ளே கூட்டிப்போய் உட்கார வைக்கத் தெம்பு ஏது?

இதில் என்னை மிகவும் வருத்தியது அந்த ஆறு மாசம் வீணானது மட்டுமில்லை. 'மறதிக்காரர்' என்று பேர் வைத்த பிறகு, அந்த வீட்டில் அவர் கையில் காசு கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். பேத்தி கல்யாணப் பேச்சைக்கூட அவரை வைத்துக்கொண்டு பேசவில்லை. "சொன்னா மறந்துடப் போறாரு" என்று விட்டுவிட்டார்கள். பெரியவர் என்னிடம் சொன்னார்: "எல்லாரும் மறதின்னு சொன்னாங்க. நீங்களும் மருந்து குடுத்தீங்க. அப்போ நெஜந்தான் போலிருக்குன்னு நானும் நம்பிட்டேன் டாக்டர்."

அந்த 'நீங்களும்' என்ற வார்த்தை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2024-ல் வெளியிட்ட அறிக்கையில், முதுமையில் வரும் உண்மையான மறதி நோய்க்கு வழிவகுப்பவற்றில், நம்மால் மாற்றக்கூடியவை என்று 14 காரணங்களைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். காது மந்தம் அதில் ஒன்று. சரிசெய்யாமல் விட்ட பார்வைக் குறைவும் அதில் இருக்கிறது. காது கேட்காத எல்லாருக்கும் மறதி நோய் வரும் என்று பயந்துவிடாதீர்கள். ஆனால் 'வயசானா அப்படித்தான்' என்று சும்மா இருக்கவும் கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியவை

* முதலில் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். முகம் உங்கள் பக்கம் திரும்பிய பிறகு விஷயத்தைச் சொல்லுங்கள். அடுத்த அறையிலிருந்து கத்துவதில் பிரயோஜனம் இல்லை.

* ஒரு நேரத்தில் ஒரே வேலை சொல்லுங்கள். நாலு விநாடி இடைவெளி விட்டு அடுத்தது.

* "என்ன சொன்னேன், சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். அவர்கள் வாயால் ஒரு தரம் வந்துவிட்டால் விஷயம் கூடத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். பெரியவர்களிடம் கேட்கும்போது அதட்டல் வேண்டாம்.

* சாவி, கண்ணாடியைத் தேடுவது உங்கள் வியாதியா? வைக்கும்போதே, "சாவியை பீரோ மேல வைக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பைத்தியம் என்று யாரும் நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்!

* பிள்ளைகள் படிக்கும் அறையில் டி.வி.யும் செல்போனும் வேண்டாம். திண்ணையில் கூச்சல் போட்டால் விருந்தாளி குரல் எப்படிக் கேட்கும்?

* ஞாபக மருந்து கேட்பதற்கு முன்னால் கண்ணையும் காதையும் பரிசோதனை செய்யுங்கள். கரும்பலகை சரியாகத் தெரியாத பையனை 'மக்கு' என்று சொல்லும் கொடுமை இன்னும் நடக்கிறது. காதில் அழுக்கு அடைத்திருந்தால்கூடக் கேட்காது. அதற்காக ஹேர்பின் விட்டுக் குடைவதும், எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதும் கூடவே கூடாது.

* காது மெஷினுக்கு வசதி இல்லாதவர்கள், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். தகுதி உள்ளவர்களுக்கு அரசு உதவி உண்டு.

எப்போது உஷாராக வேண்டும்?

நிஜமான மறதி நோயும் இருக்கிறது. பழகிய தெருவிலேயே வழி தெரியாமல் நிற்பது, பதில் சொன்ன பிறகும் அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, காசுக் கணக்கு குழம்புவது, தினம் புழங்கும் பொருளின் பெயர் வராமல் தடுமாறுவது... இதெல்லாம் தெரிந்தால் தாமதிக்காமல் நரம்பியல் அல்லது மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு கோளாறு, பி12 வைட்டமின் குறைவு, தூக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவையும் மறதி வேஷம் போட்டு வரும். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. திடீரென்று குழப்பம், பேச்சுக் குழறல், வாய் கோணல் என்றால் அது மூளையின் ரத்தக்குழாய் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். லேகியம் தேடிக்கொண்டிருக்காதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அப்படியானால் வல்லாரை வேண்டாமா என்று கேட்பீர்கள். கீரையாகத் துவையல் அரைத்துத் தாராளமாகச் சாப்பிடுங்கள். நல்ல கீரை. நீர்ப்பிரமியை மூன்று மாசம் போலத் தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்குச் சிறிது பலன் தெரிந்ததாகச் சில ஆய்வுகள் உண்டு. ஆனால் எந்த மூலிகையும் "வாங்க" என்று சொல்லி விஷயத்தை உள்ளே அழைத்து வராது. அதை நாம்தான் செய்ய வேண்டும்.

பெரியவர் கதையின் மிச்சத்தைக் கேட்கவில்லையே! காது மெஷின் வைத்துக்கொண்டார். முதல் ரெண்டு மாசம், "ஒரே இரைச்சலா இருக்கு" என்று கழற்றிக் கழற்றி வைத்தார். மருமகள் விடவில்லை. பிறகு பழகிவிட்டது. எல்லாமே முன்னைப் போல ஆகிவிடவில்லை. சந்தை இரைச்சலில் இன்னும் தடுமாறுகிறார். ஆனால் சிலிண்டர் பணம் இப்போது அவர் கையில்தான்.

பேத்தி கல்யாணப் பத்திரிகை வைக்க அவரே வந்தார். டீ கொடுத்தேன். கப்பைச் சுண்டிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"விரிசல் விட்ட கப்புல டீ குடுக்கறீங்களே டாக்டர்? தூக்கிப் போடுங்க!"